படத்தில் விழாத அம்பு

செவ்வாய், இரவு

பில் போடும் ஷகிலாவைப் பொய்க்காரி என்று சொல்லி, முதலாளி அவள் வேலையைப் பறித்துவிட்டார். கம்ப்யூட்டரில் வரும் ஊர்ப் பட்டியலில் அவள் ஆத்தூரைத்தான் அழுத்தினாள். ஜவ்வரிசி லோடு ஜலகண்டாபுரத்துக்குப் போனது.

எங்கள் மில்லில் பில் போடுவது லினக்ஸில். விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல அது ஓடுகிறது. முதலாளி கண்ணாடி போட மாட்டார். போன வாரம் அதில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தார். அதிலிருந்து மவுஸ் அம்பு ஒரு வரியில் நிற்கிறது, கிளிக் அடுத்த வரியில் விழுகிறது.

இன்று அந்த லினக்ஸ் திரையை ஸ்கிரீன்ஷாட்டாகப் படம் எடுத்து முதலாளியிடம் காட்டினேன். அதில் அம்பே விழவில்லை; அம்பை வரைவது வெளியே இருக்கும் விண்டோஸ்.

"அம்பு எங்க சாமி? நீயும் கதை உடறயா?" என்று சிரித்தார்.

மவுஸை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே ஆத்தூரை அழுத்துங்க."

அழுத்தினார். ஜலகண்டாபுரம் திறந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதே.

"மிஷின் கெட்டுக் கெடக்குது பாரு. சரி பண்ணு."

அவர் அழுத்தியதும் மிஷின் கெட்டுவிட்டது. அவள் அழுத்தியபோது மட்டும் நன்றாக இருந்ததாம்.

எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்ததும் கிளிக் சரியான வரியில் விழுந்தது. ஆனால் பொய்க்காரி என்ற பேச்சு இதற்குள் மற்ற மில்களுக்கும் போயிருக்கும். அவள் இனி எங்கே போய் வேலை கேட்பாள்?

"ஷகிலாவுக்குப் போன் போட்டுத் தப்பு உங்க மேலன்னு சொல்லுங்க" என்றேன்.

வாசலைப் பார்த்து டீ சொன்னார்.

"எப்பங்க போடுவீங்க?"