ஒன்பதாவது டேங்க்

2024 ஏப்ரல் 8, திங்கள்

ஜகந்நாதனுக்கு மூன்றாவது கடிதம். இந்தத் தடவை லெட்டர் பாக்ஸில் போடவில்லை. மூன்றாம் மாடி ஏறிக் கையிலேயே கொடுத்தேன். முழங்கால் வழியெல்லாம் என்னைத் திட்டியது.

விஷயம் எளிது. எங்கள் பிளாக்கில் எட்டு வீடுகள். மொட்டைமாடியில் ஒன்பது தண்ணீர் டேங்குகள். வீட்டுக்கு ஒன்றுதான் என்பது சொசைட்டி விதி. எட்டு டேங்குகளில் வீட்டு எண் பெயின்டில் எழுதியிருக்கிறது. ஒன்பதாவதில் எண் இல்லை. அது ஜகந்நாதன் டேங்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ஜனவரியில் வெயில் காயப் பல வருஷம் கழித்து மாடி ஏறினேன். ஏறிய உடனே எண்ணினேன். மற்றவர்கள் தினமும் ஏறுகிறார்கள், எண்ணுவதில்லை.

கதவைத் திறந்தது அவர் மனைவி ருக்மிணி. "வாங்கோ மாமி. அவர் ஆகாசத்துல இருக்கார்" என்றாள். உள்ளே மனிதர் மூன்று கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால், ஸ்டியரிங் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமானம் ஓட்டும் விளையாட்டு. விளையாட்டு இல்லையாம், சிமுலேட்டராம். விமானப் படையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர்தான், ஆனால் வானிலைப் பிரிவில். மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருந்தார். பறப்பதெல்லாம் ரிடையர் ஆன பிறகு, நாற்காலியில். என்னைவிட ஆறே வயது சின்னவர், மாமி என்கிறார். மிஸஸ் சேஷன் என்று சொல்ல வாய் வராதா?

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மாமி, மே அஞ்சாம் தேதி ஜெனரல் பாடி மீட்டிங். அது என் டேங்க்னு நிரூபிச்சா அன்னிக்கே இறக்கிடறேன். இல்லேன்னா எல்லார் முன்னாடியும் நீங்க ஸாரி சொல்லணும். டீலா?"

டீல் என்றேன். நான் கடைசியாக ஸாரி சொன்னது 1961-இல், கான்வென்ட் பள்ளியில் மதர் பெர்னடெட்டிடம். அதுவும் என் தப்பு இல்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

நேற்று அவர் திரையில் பார்த்த தில்லி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தில்லியா அது? யமுனை நீலம். நீலம்! எங்கள் சொசைட்டி இருக்கிற இடத்தில் சிவப்பு ஓடு போட்ட சாய்ந்த கூரைகள், ஸ்விட்சர்லாந்து காலண்டர் மாதிரி. காஜிபூர் குப்பை மலை பச்சைப் பசேலென்று ஒரு குன்று. நாலு ஆட்டுக்குட்டி விட்டால் ஊட்டி. அதன் மேல் ஒரு பருந்துகூடச் சுற்றவில்லை. எந்த மாடியிலும் ஒரு கறுப்பு டேங்க் கிடையாது. அந்த ஊரில் யாரும் குளிப்பதில்லை போலிருக்கிறது.

டேங்கே இல்லாத தில்லி. அவருக்கு வசதிதான்.

ஏப்ரல் 12, வெள்ளி

தப்புகளைப் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இருபத்து மூன்று. ஒன்றுவிடாமல் படித்துக் காட்டினேன்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் தானா கட்டற வீடு மாமி. இங்கே வீடு இருக்குன்னு அதுக்குத் தெரியும். எப்படி இருக்கும்னு தெரியாது."

"தெரியாவிட்டால் கேட்க வேண்டும்."

"யாரை?"

"என்னை."

ருக்மிணி சமையலறையிலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. காபி கொடுத்தாள். எதிரி வீட்டில் காபி குடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கடிதம் வேறு, காபி வேறு. நல்ல காபி.

ஏப்ரல் 15, திங்கள்

மறுபடி போனேன். நிஜாமுதீன் பாலத்தில் ஒரு லாரி இல்லை, டிராஃபிக் ஜாம் இல்லை. இருபத்தேழு ஆயிற்று.

ஏப்ரல் 19, வெள்ளி

எனக்கு வலது பக்க நாற்காலி போட்டிருக்கிறார்கள். குஷன் வேறு. இன்றைக்கு மோதி பாக் மேல் பறந்தோம். நாங்கள் பதினாறு வருஷம் இருந்த அரசாங்க குவார்ட்டர்ஸை நிஜத்தில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். திரையிலும் இல்லை. ஒரு விஷயத்திலாவது சரியாக இருக்கிறது என்றேன்.

"உங்களுக்கு எதுவுமே பிடிக்காதா மாமி?" என்று கேட்டார்.

சரியாக இருந்தால் பிடிக்கும். இதில் என்ன கஷ்டம்?

ஏப்ரல் 24, புதன்

ஜெயித்தேன்!

ஜகந்நாதன் இணையத்தில் எங்கிருந்தோ வேறொரு தில்லியை இறக்கி வைத்திருக்கிறார். இது வானத்திலிருந்து எடுத்த நிஜப் புகைப்படமாம். என் பட்டியலுக்குப் பயந்துதான், சந்தேகமே இல்லை. யமுனை அதன் சரியான நிறத்தில், ஆறிப்போன டீ மாதிரி ஓடுகிறது. காஜிபூர் சாம்பல். ஓட்டுக்கூரை ஒழிந்தது. ஒவ்வொரு மொட்டைமாடியிலும் மிளகு சிந்தினாற்போல் கறுப்புப் பொட்டுகள். டேங்குகள்! அக்ஷர்தாமைத் தாண்டி, மெட்ரோ பாதையைப் பிடித்துக்கொண்டு எங்கள் சொசைட்டிக்கு மேலே வந்தோம்.

"நிறுத்துங்கள்" என்றேன்.

"ஆகாசத்துல பிளேனை நிறுத்த முடியாது மாமி, விழுந்துடும்."

"நிறுத்துங்கள் என்றேன்."

ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். விமானம் அந்தரத்தில் நின்றது. முடியாது என்று சொன்னாரே! எங்கள் மாடியைப் பெரிதாக்கச் சொல்லி எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. "உங்கள் டேங்க் ஆகாசத்திலிருந்தே தெரிகிறது மிஸ்டர் ஜகந்நாதன்" என்றேன். அவர் அசையவில்லை. "ஒன்பது இருக்குன்னு நானும்தான் சொல்றேன். யாரோடதுன்னு படத்துல எழுதியிருக்கா?" என்றார். தோற்றவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். படத்தை வாட்ஸாப்பில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

மார்க்கெட்டில் கலர் பிரிண்ட் போட்டு, சொசைட்டி செக்ரட்டரி அருள்ராஜிடம் கொடுத்தேன், "இணைப்பு B" என்று மேலே எழுதி. அருள்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, "மேடம், ஒரு பிளம்பரக் கூப்பிட்டு பைப்பப் பாத்தா முடிஞ்சிச்சே" என்றார். புகார் கொடுப்பதுதான் புகார்தாரரின் வேலை. துப்பறிவது இல்லை.

ஏப்ரல் 27, சனி

என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. சும்மா ரசிக்கலாம் என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

கீழே, கேட் பக்கத்தில், வேப்ப மரத்தை ஒட்டி ஒரு நீலப் பொட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் ஃபியட். அதற்கு நீல உறை தைத்தவள் நான். இந்தக் காலனியில் வேறு எந்தக் காருக்கும் சட்டை கிடையாது. சேஷன் போனது 2016. மூன்றாம் மாதம் காரை விற்றேன்.

ஜகந்நாதன் இந்த வீட்டை வாங்கியது 2018.

அப்படியானால் — படம் எட்டு வருஷத்துக்கும் முந்தையது. அப்போதே ஒன்பது.

ஏப்ரல் 28, ஞாயிறு

கத்தரிக்கோலை எடுத்து என் பிரதியில் வேப்ப மரம் வரை வெட்டினேன். மாடி மட்டும். மிக நேர்த்தியாக வந்தது. அருள்ராஜிடம் "இணைப்பு B, திருத்திய பதிப்பு" என்று கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? வேறு யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஜாதி இல்லை.

சாயங்காலம் வெட்டிய துண்டைச் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். கோணலாக ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒன்று. ஜகந்நாதனுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் வைத்திருக்கலாமே? டேங்க் அந்த வீட்டுடையது என்றால் பொறுப்பு அவருடையதுதானே? இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை! பிளம்பருக்குப் போன் செய்தேன். துப்பறியத்தான் வேண்டும் என்றால் துப்பறியலாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பிளம்பர் ரமேஷ்குமார் வந்தான். ஒன்பதாவது டேங்கின் வால்வை மூடினான். ருக்மிணி தன் வீட்டுக் குழாயையெல்லாம் திறந்துவிட்டு நின்றாள். ஒன்றும் நிற்கவில்லை. நீர்வீழ்ச்சி மாதிரி கொட்டியது. கீழே ஒவ்வொரு வீடாக வந்தோம். என் வீட்டுக்கு வந்தோம். சமையலறைக் குழாய் வந்தது. குளியலறைக் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"அம்மாஜி, யே தோ ஆப் கா ஹீ ஹை" என்றான். என்னுடையதேதானாம்.

"ஃபிர் ஸே தேகோ, பையா" என்றேன். மறுபடி மேலே போய்த் திறந்தான். வந்தது. மூடினான். நின்றது.

ருக்மிணி கூடவே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். போகும்போது என் குளியலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனாள். அதுதான் தாங்கவில்லை.

மே 1, புதன்

டொராண்டோவில் விடிகிற வரை காத்திருந்து மாதவுக்குப் போன் செய்தேன். பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறான்: "அந்த டேங்கா? உனக்கு இப்பதான் தெரியுமாம்மா? நானும் அப்பாவும்தான் லக்ஷ்மி நகர் போய் வாங்கிண்டு வந்தோம். நீ மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தே."

எப்போது என்று கேட்டேன். 2011 மே.

2011 மே! அந்த வருஷம்தான் காலையில் பாதிக் குளியலில் தண்ணீர் நின்று போகும். தலையில் சோப்போடு நான் கத்துவேன், சேஷன் சமையலறையிலிருந்து பக்கெட் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். தண்ணீர் இலாகாவுக்கு நான் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஊரிலிருந்து திரும்பி வந்தேன், தண்ணீர் நிற்கவே இல்லை. முறையாக எழுதிய ஒரே ஒரு கடிதம் என்ன செய்யும் பாருங்கள் என்று இந்த சொசைட்டியில் நான் சொல்லாத ஆள் கிடையாது. கார்பன் காப்பியைக் காட்டியிருக்கிறேன். ஜகந்நாதனுக்கே காட்டியிருக்கிறேன்!

"ஏண்டா சொல்லலை?"

"அப்பாதான் வேண்டாம்னார். அவ லெட்டராலதான் தண்ணி வரதுன்னு நினைச்சிண்டிருக்கா, சந்தோஷமா இருக்கா, விடுன்னார்."

உள்துறையில் அண்டர் செக்ரட்டரி. ஆபீஸ் பென்சில் ஒன்று வீட்டுக்கு வந்தது கிடையாது. அந்த மனுஷன் விதியை மீறி, எண்கூட எழுதாம, திருட்டு டேங்க் வெச்சிருக்கார்! அஞ்சு வருஷம் பக்கத்திலேயே உக்காந்து பேப்பர் படிச்சுண்டு — நான் அந்த லெட்டர் பெருமையை அடிக்கும்போதெல்லாம் "ஆமாம், நல்ல லெட்டர்" னு தலையாட்டிண்டு! ஒரு தடவையாவது முகத்துல ஏதாவது தெரிஞ்சுதா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். தெரியலை.

மே 3, வெள்ளி

ஜகந்நாதன் வீட்டுக்குப் போகவில்லை. ருக்மிணி சொல்லியிருப்பாள். அவரும் வரவில்லை, போனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால் தேவலை. நாற்பது வருஷமாக எனக்குக் காய்ச்சல் வந்ததில்லை.

மே 5, ஞாயிறு

கஞ்சி போட்ட பருத்திப் புடவை. குட்டு வாங்குவதானாலும் இஸ்திரி போட்டுக்கொண்டு வாங்க வேண்டும்.

நாற்பது பேர். அருள்ராஜ் "அடுத்தது, டேங்க் விஷயம்" என்றதும் ஜகந்நாதன் எழுந்து, "அது முடிஞ்சு போச்சு, பேசித் தீர்த்துண்டோம். நெக்ஸ்ட் பாயிண்டுக்குப் போங்கோ" என்றார். எனக்கு இரக்கம் காட்டுகிறாராம்! நான் எழுந்தேன்.

"ஒன்றும் தீரவில்லை. இணைப்பு B 2016-க்கு முந்தைய படம். அதில் என் கார் நிற்கிறது. ஒன்பதாவது டேங்க் என்னுடையது. மிஸ்டர் ஜகந்நாதன் மேல் நான் கொடுத்த மூன்று புகாரும் தப்பு."

"பரவாயில்லை மாமி, அக்ஸெப்டட்" என்றார்.

"இன்னும் நான் கேட்கவேயில்லை. உட்காருங்கள்."

உட்கார்ந்தார். ஸாரி சொன்னேன். கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி சொன்னேன்.

அருள்ராஜ், "பழைய டேங்குதான மேடம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எட்டு வீட்டுக்கு எட்டு என்றேன். யார் வைத்தது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் காது கேட்காதவளாக இருந்துவிட்டேன்.

மே 8, புதன்

மீட்டிங் நடவடிக்கைக் குறிப்பு வந்திருக்கிறது. "டேங்க் தொடர்பான கருத்து வேறுபாடு சுமுகமாகத் தீர்ந்தது." அவ்வளவுதான்! சிவப்பு மையால் அடித்து, "புகார் தவறு. டேங்க் புகார்தாரருடையது. மன்னிப்புக் கேட்டார்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இரண்டு எழுத்துப் பிழையையும் திருத்தினேன்.

மே 14, செவ்வாய்

டேங்கை இறக்கியாயிற்று. குளியலறைக் குழாயை ரமேஷ்குமார் பழையபடி எண் எழுதிய என் டேங்கோடு சேர்த்துவிட்டான். பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா ரிக்‌ஷாவில் கட்டிக்கொண்டு போனான். நான் பால்கனிக்குப் போகவில்லை. சத்தம் கேட்டது.

மே 15, புதன்

ஏழு நாற்பதுக்குத் தண்ணீர் நின்றது. தலையில் சோப்பு.

மே 22, புதன்

ருக்மிணி படியிறங்கி என்னைக் கூப்பிட வந்தாள். "உங்க நாற்காலி காலியா இருக்கு மாமி. அவர் நேத்து கன்னாட் பிளேஸ்ல இடிச்சுட்டார்." போனேன். டேங்க் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பட்டியல் முப்பத்தொன்றில் நிற்கிறது, தொடர வேண்டும்.

ஜூன் 2, ஞாயிறு

ஜகந்நாதன் புது வித்தை கற்றுக்கொண்டிருக்கிறார். அந்தப் புகைப்படத் தில்லியில் எல்லாம் தரையோடு தட்டையாகக் கிடக்கும். தாழப் பறந்தால் கோலம் மாதிரிதான் இருக்கும். இப்போது அதன் மேல் நாமே பொருள்களை வைக்கலாமாம். வீடு, மரம், என்ன வேண்டுமானாலும். காலையில் எங்கள் பிளாக்கை எழுப்பினார். மாடிகளை நான் சொல்லச் சொல்லத் திருத்தினார். கைப்பிடிச் சுவர் அரை அடி அதிகம் என்றேன், திருத்தினார். மாடிப்படிக் கதவு கிழக்கே இருக்க வேண்டும், திருத்தினார்.

பிறகு டேங்க். உருண்டையாக, கறுப்பாக, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். எட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

"இன்னொன்று" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாமி, இப்போ எட்டுதானே?"

"எனக்கு எண்ணத் தெரியும். ஒன்பது போடுங்கள்."

போட்டார். கொஞ்சம் இடது பக்கம் என்றேன். நகர்த்தினார்.