உனக்காக வைத்த மன்றாட்டு

அடியே,

காலையில் காற்று கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து அடித்தது. ரப்பர் வேகும் நாற்றம். எத்தனை சோப்பு போட்டாலும் உன் புடவையை விட்டுப் போகாத அதே நாற்றம். ஜன்னலை நான் சாத்தவில்லை.

பி.ஏ. தமிழ் படித்துவிட்டு ரப்பர் கம்பெனியில் என்னோடு பேக்கிங் பார்த்தவள் நீ. நம் மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் எல்லாருக்காகவும் மன்றாட்டு வாசிக்கும் வேலை எனக்கு வந்தபோது, நான் குரலைக் குழைத்து வாசித்ததைக் கேட்டுச் சிரித்தாய். "இன்னாடி, பிச்சை கேக்குறா மாரி படிக்கிற? மன்றுன்னா ஊர் கூடுற சபை. அதுல நின்னு தன் வழக்கை எடுத்துப் பேசறதுதான் மன்றாடறது. கேக்க ஆளில்லாமதான் அது கெஞ்சறதா பூட்ச்சி" என்றாய்.

ஆனால் உன் கடைசி நாளன்று நீயும் கெஞ்சத்தான் செய்தாய். மார் வலிக்கிறது, வெளியே போக கேட் பாஸ் கொடுங்கள் என்று காண்ட்ராக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாய். நானும் கும்பிட்டேன். நம்ம கோயில்காரர்தானே, இரங்குவார் என்று நினைத்தோம். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "லோடு ஏறட்டும், அப்பால போ" என்றார். லோடு ஏறியது. மூட்டையில் சாய்ந்த நீ எழுந்திருக்கவேயில்லை. உன் அடக்கத்துக்கு மாலையோடு வந்தார், பாவி. வலி என்று நீ வாயே திறக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். ஊரும் நம்பியது.

போன மாதம் அவருக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போனது; காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. ஒரு ஞாயிறு பூசைக்குச் சக்கர நாற்காலியில் வைத்து முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மன்றாட்டில் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அவர் மனைவி என்னிடம் கேட்டாள். சொல்கிறேன் என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

மைக்கில் உன் பெயரைச் சொன்னேன். கேட் பாஸைச் சொன்னேன், டீயைச் சொன்னேன். குரலைக் குழைக்கவில்லை. "இதை இவர் வாயாலேயே இந்தச் சபையில் சொல்லும்படி, ஆண்டவரே, இவருக்குப் பேச்சைத் திருப்பிக் கொடும்" என்று முடித்தேன். கோயில் முழுக்க, வழக்கப்படி, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. எதற்குச் சொன்னோம் என்று பலருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் கண் என்னைவிட்டு நகரவில்லை.

இனி மைக் பக்கம் வராதே என்று ஃபாதர் சொல்லிவிட்டார். போகட்டும். வீட்டிலேயே தினமும் அவருக்காக வேண்டுகிறேன், அவர் பெண்டாட்டியைவிட அதிகமாக. முந்தாநாள் "தண்ணி" என்றாராம். பேச்சு வருகிறதடி. நான் காத்திருக்கிறேன்.