வெள்ளையன் ஊளையிடாத ஆடிப்பூரம்

லாத்தா, இன்று ஆடிப்பூரம். வீட்டில் எல்லோரும் தேர் பார்க்க முன்கூட்டியே போய்விட்டார்கள். கடைசியாகக் கிளம்பிய நான் வாசற்கதவின் நாதாங்கியை இழுத்தேன். அது இன்னும் பழையபடியே கிரீச்சிடுகிறது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால், நம் நாய் வெள்ளையனின் பேரன் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நீயும் நினைவில் வந்தாய். தேர் செத்த நேரம் காத்திருக்கட்டும் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் ராஜபாளையத்திலிருந்து வாழ வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு வெள்ளையனும் வண்டியேறி வந்தான். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் கொடுத்த குட்டி. தமிழில் ‘வா’ என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். தெலுங்கில் ‘ரா’ என்றால் பாய்ந்து வருவான். பயம் என்பதே அறியாதவன், ஒன்றே ஒன்றைத் தவிர. நான் வாசல் தாண்டினால் போதும், தெருவே அதிரும்படி ஊளையிடுவான்.

நாய் ஊளையிட்டால் எமன் தெருவுக்குள் வந்துவிட்டான் என்று நம்புகிற ஊர் இது. எதிர் வீட்டில் ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்தார். அவர் மகன் வந்து நயமாகச் சொல்லிப் பார்த்தார், பிறகு நயமில்லாமலும் சொன்னார். என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். ஆடிப்பூரத்துக்கு வீட்டோடு தேருக்குப் போக வேண்டும். அன்றைக்கும் இவன் ஊளையிட்டால், மலைக்கு வேட்டைக்குப் போகிறவர்களிடம் பிடித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். வேட்டைக்குப் போன நாய்களில் பாதி காட்டுப்பன்றிக்குப் பலியாவது எனக்குத் தெரியும்.

உங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல் லாத்தா என்றாலும், அதுவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுப் புறவாசலும் எங்கள் புறவாசலும் ஒரே சுவர். அன்று அந்தச் சுவரில் சாய்ந்து நான் அழுததைக் கேட்டு நீ தலையை நீட்டினாய். நாயின் ஈரம் பட்டால் கழுவி மாளாது என்று வெள்ளையனை ஒருநாளும் தொடாதவள் நீ. ஆனால் நான் அவனிடம் விடைபெறும் கூத்தையெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கிறாய். வயிறு முட்டச் சோறு வைப்பேன், கட்டிக்கொள்வேன், கண்ணைத் துடைத்தபடி ‘போயிட்டு வாரேன்டா’ என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, சொல்லாமலும் போகக் கூடாது என்றல்லவா நம்மை வளர்த்திருக்கிறார்கள்?

கொழும்புக்குப் போய்வரும் உன் கணவரை நினைத்து நீ சொன்னாய்: “அவிய கொழும்புக்குக் கெளம்பப் பெட்டியில கைய வச்சாலே நான் அழ ஆரம்பிச்சிருவேன்டி. போன பொறவு அம்புட்டு இல்ல. ஒன் நாய்க்கும் அதே சீக்குதான்.”

“அப்ப சொல்லாமப் போகவா?”

“சொல்லு. சொல்லிட்டுப் போகாத.”

அதன்பின் எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்து, மருமகளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே மாமியார் நம்பினார். ‘போயிட்டு வாரேன்’ என்பேன். அரிசியில் கல் பொறுக்க உட்காருவேன். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பூதுவேன். நாதாங்கியை இழுப்பேன், விடுவேன், ஆட்டுக்கல்லுக்குப் போய்விடுவேன். முதலில் ஒவ்வொரு தடவையும் துள்ளியெழுந்த வெள்ளையன், போகப்போக அலுத்து, கண்ணைத் திறக்கவும் சோம்பல்பட்டான்.

பிறகுதான் நிஜமாகவே வாசல் தாண்டினேன். கிணறுவரை, பிறகு தெருமுனைவரை. அவன் முனகுமுன்பே திரும்பிவிட வேண்டும். திரும்பியதும் ஓடிப்போய்க் கொஞ்சக் கூடாது. தண்ணீர் குடித்து ஆறியபிறகுதான் ‘ரா’ என்று கூப்பிட வேண்டும். இதெல்லாம் உன் சட்டம். நான் வெளியே போனதும் நீ சுவரில் காதை வைத்துக்கொள்வாய். “இன்னைக்கு மொணங்குனான், பொறவு கதவுல மூக்க வச்சுப் படுத்துட்டான்” என்று கோட்டை பிடித்த தளபதிபோல் சொல்வாய். கொழும்புப் பெட்டியையும் தினம் திறந்து மூடிப் பார்ப்பதாக ஒருநாள் ஒப்புக்கொண்டாய். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஆடிப்பூரம் வந்தது. தேர் அசைந்தபோது ஊரே கைகூப்பியது. நான் ஆண்டாளைப் பார்க்கவேயில்லை. என் காது முழுக்க எங்கள் தெருவில் கிடந்தது. திரும்பி வரும்போது மாமியார் முன்னால் நடந்தார். வாசலில் நின்று காதைத் தீட்டினார். சத்தமே இல்லை.

“ஏட்டி, செத்துக்கித்துப் போச்சா?” என்றார். கேட்டபடியே அவசரமாக நாதாங்கியை இழுத்தார்.

கதவைத் திறந்தால், என் பழைய சேலைமேல் கிடந்த வெள்ளையன் கொட்டாவி விட்டான், வாலைத் தரையில் தட்டினான். அவ்வளவுதான். புறவாசலுக்கு ஓடினேன். நீ எனக்கு முந்தியே சுவரோரம் நின்றாய், முகமெல்லாம் பல்லாக. “ஊரே கத்துச்சு, அவன் கத்தல. செயிச்சிட்டோம்டி” என்றாய். அன்று நான் பட்ட சந்தோஷம் தேரில் வந்தவளுக்குக்கூட இருந்திருக்காது. மறுநாள் சந்தைக்குப் புறப்பட்ட மாமியார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வெள்ளையனிடம் ‘போயிட்டு வாரேன்’ என்று சொன்னதை நான் கேட்டேன்.

எதிர் வீட்டுப் பெரியவரும் எழுந்து நடமாடி வெகுகாலம் இருந்தார். நீதான் முந்திக்கொண்டாய்.

நீ காய்ச்சலில் கிடந்தபோது தினமும் வந்து உட்கார்ந்திருப்பேன். நான் எழுந்து கிளம்பும்போதெல்லாம், போவது நானாக இருக்க, “போயிட்டு வாரேன்டி” என்று நீ சொல்வாய். எனக்குத் திக்கென்றிருக்கும். மறுநாள் காலை வந்தால் அங்கேயே கிடந்து கண்ணடிப்பாய். போகப்போக எனக்கும் அது பழகிவிட்டது. “போயிட்டு வா” என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். நீ நிஜமாகவே போனதற்கு முந்தைய நாளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். என்னை என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது அப்புறம்தான் புரிந்தது, கள்ளி.

அழுதேன், லாத்தா. நிறையவே அழுதேன். ஆனால் ஊளையிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் சத்தம் வராத இந்த வீட்டில் இத்தனை காலம் நிமிர்ந்து இருந்திருக்கிறேன்.

அதோ, வேட்டுச் சத்தம் கேட்கிறது. தேர் கிளம்பிவிட்டது. நானும் வடம் தொட வேண்டும். போயிட்டு வாரேன்.