வெயிலில் வைத்த புத்தகங்கள்

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. குழந்தைக்குச் சளி. மார்பில் நீலகிரித் தைலம் தடவி இப்போதுதான் தூங்க வைத்தேன். விரலில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. உனக்கும் தெரிந்த வாசனைதான். உன் புத்தகங்களைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் அட்டையை இந்தத் தைலத்தால்தான் துடைத்து அனுப்பினேன். ஒரு தடவைகூட நீ ஏன் என்று கேட்டதில்லை.

உனக்கு டி.பி. என்று சொல்லி, ஒரு வருஷம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார் டாக்டர். அந்த வாரம் மன்னார்புரத்து வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஏழாம் மாதம். உள்ளே வராதே என்று நீதான் கையைக் காட்டினாய். ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதேன்.

"அழாதடி. காலேஜ்ல ஒரு நாள் லீவ் கேட்டா எவ்வளவு கெஞ்சணும்? இப்ப ஒரு வருஷம் சும்மாவே குடுத்துட்டாங்க. படிச்சே தீர்க்கப் போறேன்."

ஒரு நோட்டைக் காட்டினாய். வலது பக்கம் நாவல்கள், இடது பக்கம் மற்றவை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு கட்டம், ஒன்று உனக்கு, இன்னொன்று எனக்கு. நீ முடித்ததும் புத்தகம் எனக்கு வரும். நான் படித்துவிட்டேன் என்று எழுதினால் என் கட்டத்தில் டிக் விழும். அது விழாமல் அடுத்த புத்தகத்தை நீ தொடமாட்டாய். நம் சட்டம் அதுதான்.

உன் அப்பா துணிப்பையோடு இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வருவார். வாசல் தாண்டி உள்ளே வரமாட்டார். காப்பி என்றால், "இப்பதாம்மா குடிச்சேன்" என்பார். அந்த வெயிலில் அவர் எங்கே குடித்திருக்கப் போகிறார்? நானும் இன்னொரு முறை கேட்டதில்லை.

புத்தகம் மாடிக்குப் போகும். மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தபடி மூன்று நாள் காயும். பிறகு டிரங்குப் பெட்டியில் பத்து நாள். நான் பிரித்ததே இல்லை. கதையைச் சொல்லி நீ போடும் கார்டை மட்டும் ஓரத்தைப் பிடித்துப் படிப்பேன். நீ சொன்ன கருத்தையே கொஞ்சம் மாற்றி உனக்குத் திருப்பி எழுதுவேன். "எவ்வளவு ஒத்துப்போகிறது நம் இருவருக்கும்!" என்று நீ சந்தோஷப்படுவாய்.

என் மாமியாருக்கே பொறுக்கவில்லை. "பாவம், அந்தப் பொண்ணு உனக்குன்னு அனுப்பறா. வெயில்லதான் போட்டாச்சே, எடுத்துப் படியேன்மா" என்றார். மடி, ஆசாரம் பார்க்கிற அவருக்கு இல்லாத பயம், பி.ஏ. படித்த எனக்கு. கைக்குழந்தை இருக்கிற வீடு என்று சொல்லிவிட்டேன். யாரும் அதற்கு மேல் பேச முடியாத பதில் அது.

ஒரு கார்டில் எழுதியிருந்தாய்: "கிருமிகளைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன். வெயில் அவற்றுக்கு ஆகாதாம். நம் ஊர் வெயில் எதை விட்டுவைக்கும்? பயப்படாதே." உனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. ஆனாலும், அருமையான புத்தகம், மிகவும் ரசித்தேன் என்று பதில் எழுதினேன்.

அடுத்த முறை உன் அப்பா வாசலிலேயே நின்று சொன்னார்: "இது புதுசும்மா. அவ தொடவே இல்ல. கடையிலேர்ந்து நேரா உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. இந்தத் தடவை நீங்க முதல்ல படிப்பீங்களாம்."

ஆனால் பை உங்கள் வீட்டுப் பைதானே. அதையும் மாடிக்குக் கொண்டுபோனேன்.

அட்டையில் 'ராணி குடிபெயர்ந்தாள்' என்று இருந்தது. நீ இன்னும் படிக்காததால் கதை சொல்லும் கார்டு வரவில்லை. என்ன எழுதுவது? கடைசியில் ராணி எடுத்த முடிவு என்னை அழ வைத்துவிட்டது என்று எழுதினேன். உன் பதில் மூன்றே வரி. "ராணிக்காக நீ அழுதது தெரிந்தது. புத்தகம் வந்து சேர்ந்தது. பக்கங்களெல்லாம் கடையில் இருந்தபடியே பத்திரமாக இருக்கின்றன."

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கார்டு வரவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து அப்பா வந்தபோது பையில் அந்தப் புத்தகமும் நோட்டும் இருந்தன. "நீங்க படிக்காம தொடமாட்டேன்னுட்டா. வேற புத்தகமும் எடுக்கல. ரெண்டு மாசம் சுவத்தைப் பாத்துட்டே கிடந்தா" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நோட்டில் என் கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக். கடைசியில் மட்டும் காலி.

அதற்கப்புறமும் இரண்டு வருஷம் பெட்டியில் கிடந்தது. இந்த வாரம்தான் வெளியே எடுத்தேன். அச்சகத்தில் ஓரம் வெட்டாமல் ஒட்டியபடியே விட்டிருந்த தாள்களை, காலேஜில் நீ செய்வதுபோலக் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அது நாவலே இல்லை. தேனீக்களைப் பற்றிய புத்தகம். கூட்டை விட்டுப் போவது பழைய ராணிதானாம். கட்டிய வீட்டையும் சேர்த்த தேனையும் புதியவளுக்கு விட்டுவிட்டு, பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடுவாளாம். நான் அழுததாக எழுதிய இடத்தில் அழ ஒன்றுமே இல்லை.

படித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அந்தப் பயம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

என் கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன். இந்த ஒன்று நிஜம். உன்னுடைய கட்டம் காலியாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.