வலப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சான் மட்டும் முதுகுவலி என்று படுத்துக்கொண்டே சலவைக்கடையை அதிகாரம் செய்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அந்தப் பெரிய கம்பெனியில் சேருவதற்கு முன்னால் நம் கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தாயே, யார் முதலில் வருவார்கள், யார் துணியை எந்தத் தட்டில் வைக்கலாம் என்று அதுவே சொல்லுமே, அதற்குத்தான் ஆபத்து. அந்த யோசனைக்குக் காப்புரிமை தங்களுடையது என்று உன் கம்பெனியே நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. உடனே நிறுத்த வேண்டுமாம், இல்லையென்றால் வழக்காம். நம்மிடம் அதை வாங்கிய சின்னக் கடைகளுக்கும் போயிருக்கிறது. எதிர்த்தெருக் கடைக்காரர் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பழையபடி மூட்டைக்குள் தலையை விட்டுத் தேடுகிறார். அதை விற்ற வருமானத்தில்தான் பிள்ளைகளின் படிப்பே ஓடுகிறது, உனக்குத் தெரியாததல்ல.

நோட்டீஸோடு ஒரு படம் இருந்தது. தட்டுகளுக்கு வலப்பக்கத்திலிருந்து எண் போட்டிருந்தார்கள். உலகத்தில் எவனாவது அப்படிப் போடுவானா? இடக்கைக்காரன் நீ ஒருத்தன்தான் போடுவாய். அதற்காக உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன்! முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம்தான் இது உன் கையால் அங்கே போனது என்று புரிந்தது. நம்ம வீட்டுப் பிள்ளையே இப்படிச் செய்துவிட்டானே என்று உன் மச்சான் குதித்தார். வேலை பார்க்கிற இடத்தில் தெரிந்ததைச் செய்து காட்டியிருப்பான், அவர்கள் அதைத் தங்கள் சொத்தாக்கி நம் கழுத்திலேயே கத்தி வைப்பார்கள் என்று அவன் கண்டானா என்று அவர் வாயை அடைத்தேன். நான் சொன்னது சரிதானே?

வக்கீலம்மாவிடம் போனோம். கம்பெனி விண்ணப்பிப்பதற்கு முன்பே நம் கடையில் இது ஓடியது என்று காட்டினால் காப்புரிமை நிற்காதாம். “எழுதினவர் வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. யார் அவர்?” என்று கேட்டார். உன் மச்சான் என் முகத்தைப் பார்த்தார். உன் பெயரைச் சொன்னால் உன் வேலை போய்விடும். தெரிந்த பையன் ஒருத்தன், இப்போது எங்கே இருக்கிறானோ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போக வேண்டும். எனக்குப் பொய் சரியாக வராது. ஆனாலும் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், சத்தியம். நீயாக வந்து சொன்னால், வேலை போனாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறும் இடமும் உண்டு. வராவிட்டாலும் உண்டு.

நன்றாக இருடா.

உன் அக்கா