நீல வண்டிக்கு அறுபதாயிரம்

என் உயிரான செல்வராணி அக்காவுக்கு,

உன் வண்டி மறுபடியும் நீலமாகிவிட்டது. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. உன் மகள் ஷைனியிடம்கூட அப்புறம்தான் சொன்னேன்.

பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆனது தெரியுமா? அறுபதாயிரம். சிரிக்காதே. பதினாலு வருஷப் பழைய லோடு வண்டி, விற்றால் ஒன்றேகால் லட்சம் போனால் அதிகம். அதில் பாதியைப் பெயிண்டில் கொட்டுவது கிறுக்குத்தனம் என்று என் ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். கிறுக்குத்தனம்தான். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட நம்முடையது இல்லை. எல்லாம் உன் கொழுந்தன் அருமைராஜ் கொடுத்தது. கொடுக்க வைத்தேன்.

எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஒரு மத்தியானத்தைச் சொல்லாமல் என்னால் முடியாது. உனக்கு வலிக்கும் என்றாலும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்துவிட்டு நீ சீவலப்பேரிக்குத் திரும்பி வந்த நாள். ஆட்டோ தெருவில் திரும்பியதும் நீ கழுத்தை நீட்டிப் பார்த்தாய். வயிற்றுக் கட்டியோடு போராடிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் உன் கண் வண்டியைத்தான் தேடியது. "ஓட்டாமப் போட்டா டயர் போயிரும் மதினி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சாவியை வாங்கிப் போயிருந்தானே அவன். அவன் வீட்டு முன்னால் ஒரு வெள்ளை வண்டி நின்றது. கண்ணாடிக்கு மேலே சிவப்பில் 'அருமைராஜ் அண்ட் சன்ஸ்' என்று எழுதியிருந்தது.

"இது யாரு வண்டிட்டி?" என்று என்னிடம் கேட்டாய்.

அவன்தான் வாசலில் நின்றுகொண்டு பதில் சொன்னான். "நம்ம வண்டிதான் மதினி. நீலம் பழசாத் தெரிஞ்சுது, அதான் மாத்திட்டேன். இனிமே உங்களுக்கு எதுக்கு வண்டி?"

இனிமே எதுக்கு. உயிரோடு நிற்கிற ஒருத்தியைப் பார்த்துச் சொன்னான். வீட்டுக்குள் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாய். ஒரு நாள்கூட ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை. நான்தான் உன் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். கட்டி உன்னைக் கொன்றது. ஆனால் அந்தப் பத்தொன்பது நாளையும் தின்றது அவன். அன்றிலிருந்து அவனை நான் அத்தான் என்று கூப்பிடவில்லை.

நீ அந்த வண்டியை எப்படிச் சம்பாதித்தாய் என்று அவனுக்குத் தெரியாதா? தேவராஜ் அத்தான் இறந்து ஆறாம் மாதம் நீ டிரைவிங் பழகப் போனபோது, "பொம்பள லோடு வண்டி ஓட்டி யாரு பாத்தா?" என்று முதலில் சிரித்தவன் அவன்தான். விடியக்காலம் வாழையிலையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கங்கைகொண்டான் கம்பெனி கேன்டீன்களுக்கு ஒரு நாள் தவறாமல் போனாய். வண்டி நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'செல்வராணி' என்று மட்டும் எழுதச் சொன்னாய். அப்பா பெயரும் இல்லை, அத்தான் பெயரும் இல்லை. "தவணை கட்டுறது நான்தானட்டி" என்றாய்.

அடக்கம் முடிந்த வாரம் நம் சர்ச் ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். "மன்னிச்சிருங்கம்மா, உங்களுக்கே சமாதானம் கிடைக்கும்" என்றார். ஆமென் சொன்னேன். வாயால்தான் சொன்னேன்.

எட்டு மாதம் காத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. அவன் உன் வண்டியில் உன் கேன்டீன்களுக்கே இலை போட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னால் அந்த வெள்ளை வண்டி வந்து நின்றது. இறங்கி வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு.

விஷயம் இதுதான். வண்டிக்கு எஃப்.சி. காட்ட ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போயிருக்கிறான். ஆர்.சி. புத்தகத்தில் நீலம் என்று இருக்கிறது, வண்டி வெள்ளையாக நிற்கிறது. ஓனர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஓனர் கல்லறையில் என்று சொல்ல முடியுமா? திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற உன் வாரிசான ஷைனியின் கையெழுத்து வேண்டுமாம்.

"பிள்ள நர்சிங் படிக்கி. செலவுக்கு ஒரு இருபது ரூவா தாரேன் ஜெபா. ஓட்ட வண்டிதானே" என்றான். அவன் சொன்ன இருபது இருபதாயிரம்.

"இருங்க, சேசிஸ் நம்பரப் பாக்கணும். பேப்பர்ல எழுதணும்லா" என்று சாவியைக் கேட்டேன். கொடுத்தான். நான் வண்டியைப் பூட்டினேன். சாவியைக் கைப்பைக்குள் போட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல சீவலப்பேரி டவுன் பஸ் நிக்கும். போயிட்டு வாங்க" என்றேன்.

அவனுக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. அக்கா, அந்த ஒரு நிமிஷத்தை உனக்குக் காட்ட முடிந்திருந்தால்! அப்புறம் கத்தினான். தெருவே கூடியது. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன் வண்டியை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தான்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. ஒரு பெண். வண்டிக்குள் இருந்த ஆர்.சி. புத்தகத்தையும் உன் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வரிசையாக மேஜையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "இதுல உங்க பேரு எங்கன இருக்கு?"

இவ்வளவு நாள் ஓட்டியதற்கு அவன் மேலேயே கேஸ் போடலாம் என்று எஸ்.ஐ. சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. "குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்கிடுதோம் மேடம்" என்றான். எனக்கு என்ன வேண்டும் என்று எஸ்.ஐ. கேட்டார். "எடுத்துட்டுப் போன மாதிரியே திருப்பித் தரணும். நிறம் உள்பட" என்றேன்.

"இவ்வளவுதானா? அடிச்சுத் தாரேன்" என்றான். பத்தாயிரத்தில் முடியும் என்று நினைத்திருப்பான். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் கடிதம் எழுதிய கை இது. ஒப்பந்தத்தை நானே எழுதினேன். 'பழைய நீல நிறத்திலேயே, தகடு வரை சுரண்டி, துரு நீக்கி, எழுத்துகள் உட்பட முழுமையாக, ஜெபமணி சொல்லும் பட்டறையில், தன் சொந்தச் செலவில்.' அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

பட்டறை தச்சநல்லூரில். காஜா பாய் என்று ஒரு பெயிண்டர், மேலப்பாளையத்துக்காரர். வண்டியைச் சுற்றி வந்து விரல் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்தார். கதவின் அடியில் தட்டியபோது அப்பளம் மாதிரி பெயிண்ட் உதிர்ந்தது. "துருவ மூடி மேலாக்க அடிச்சிருக்கானுவ. உள்ள தகடு அரிச்சுப் போச்சும்மா" என்றார். பிறகு விரல் விட்டுச் சொன்னார். தகட்டு வேலை பதினெட்டு, சுரண்டக் கூலி ஏழு, பட்டி பிரைமர் பதினொன்று, பெயிண்டும் அடிக்கிற கூலியும் இருபத்திரண்டு, எழுத்துக்கு இரண்டு. மொத்தம் அறுபதாயிரம்.

அருமைராஜுக்கு வேர்த்துவிட்டது. "ஏ பாய், வண்டியே அவ்வளவு போவாதுவே! கல்யாண மண்டபமா கட்டுதீரு?"

"மேலாக்க அடிச்சா இருபதுல முடிச்சிரலாம் அண்ணாச்சி. கடுதாசில தகடு வரைக்கும்னுல்லா போட்டிருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். "ஜெபா, செத்துப் போனவளுக்கு இதெல்லாம் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "உங்களுக்கும் தெரியணும்."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சுரண்டுகிற கூலி ஏழாயிரத்தையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று, தானே சுரண்டுவதாகச் சொன்னான். காஜா பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நானாகக் கேட்டிருந்தால்கூட அமையாது.

மூன்று நாள் ஆபீஸுக்கு லீவு போட்டேன். பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தான். வெயில் தகரக் கூரையை வாட்டியது. அவன் தலை, புருவம் எல்லாம் வெள்ளைப் பொடி. முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நான் டீ குடித்தேன். அவனுக்கும் ஒன்று சொல்லவா என்று காஜா பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை அக்கா.

இரண்டாம் நாள் நெற்றிக்கு வந்தான். அவன் பெயரை அவனே தேய்த்தான். சிவப்பு போனது, வெள்ளை போனது. பிறகு நீலம் தெரிந்தது. அதற்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு கொம்பு, ஒரு சுழி, ஒரு கால். உன் பெயர். பாவிப்பயல் உன் பெயரைச் சுரண்டக்கூட இல்லை, அப்படியே மேலே அடித்திருக்கிறான்.

அவன் கை நின்றது. தொடர்ந்து தேய்க்கலாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்துவிட்டேன். "அங்கன கை வைக்காதீங்க!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் அடியில் துரு இருந்தது. எழுத்தை விட்டு வைத்தால் இரண்டே மழையில் எல்லாம் உரிந்துவிடும் என்றார் காஜா பாய். மெல்லிசுத் தாளை ஒட்டி, உன் எழுத்தைப் பென்சிலால் அப்படியே படி எடுத்தார். "அச்சு மாறாம திருப்பி எழுதிருவேம்மா" என்றார். பிறகு உப்புத்தாளை நான் வாங்கினேன். உன் பெயரை நானே தேய்த்தேன். அவன் கையால் அது போகக் கூடாது என்று இருந்தது. பைய, பைய, ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தேன். அப்போதுதான் அழுதேன், நீ போன பிறகு முதல் தடவையாக. அவன் தள்ளிப்போய் நின்றான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கோபம் குறைந்திருக்குமோ? குறையக் கூடாது என்றுதான் பார்க்கவில்லையோ?

சுரண்டியது போக ஐம்பத்து மூவாயிரம் அவன் கட்ட வேண்டியிருந்தது. மூன்று தவணையாகக் கட்டினான். அவன் மூன்று நாள் உழைப்பை ஏழாயிரமாகச் சேர்த்துத்தான் நான் எல்லோரிடமும் அறுபதாயிரம் என்று சொல்கிறேன். அவன் பட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இங்கேதான் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்து, உன் பெயரும் நெற்றியில் ஏறிய பிறகு, பின்கதவில் இன்னொரு வரி எழுதச் சொன்னேன். 'வர்ணம் உபயம்: அருமைராஜ், சீவலப்பேரி.'

காஜா பாய் பிரஷைக் கீழே வைத்துவிட்டார். "இது வேணுமாம்மா?"

"டியூப் லைட் வாங்கிக் குடுத்தாக்கூடப் பேரு போடுதாங்களே பாய். அறுபதாயிரம் குடுத்தவருக்குப் போட வேண்டாமா?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதினார்.

இப்போது வாரநாளில் ஒரு டிரைவர் ஓட்டுகிறார். வரும்படி ஷைனியின் படிப்புக்குப் போகிறது. நானும் லைசென்ஸ் எடுத்துவிட்டேன், நாற்பத்து ஆறு வயதில்! சனிக்கிழமைகளில் நான்தான் ஓட்டுகிறேன். நீல வண்டியைப் பார்த்ததும் கேன்டீன்காரர்கள், "செல்வராணி அம்மா வண்டில்லா" என்று இலை ஆர்டரை நமக்கே திருப்பிவிட்டார்கள். அவனுக்கு இப்போது அந்தப் பக்கம் வேலை இல்லை. அவன் வீட்டைத் தாண்டும்போது இரண்டாம் கியரில் போகிறேன். பின்கதவை நன்றாகப் படிக்க வேண்டுமே. ஊரில் அவனுக்கு 'உபயம் அண்ணாச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது எஸ்தர் நின்றிருந்தாள். அவன் மனைவிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் உனக்கு நாற்பது நாளும் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டு வந்தவளும் அவள்தான். அவனுக்குத் தெரியாமல் வந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"யக்கா, அந்தப் பின்னாடி எழுதினத மட்டும் அழிச்சிருங்க" என்றாள். "அவுக டீக்கடைக்கே போறதில்ல. நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே கெடந்து என்னைய ஏசுதாவ. சோத்துத் தட்ட எறியுதாவ. உங்க கோவம் என் மேலல்லா விழுது."

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்ணாரப்பேட்டைப் பாலம் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவனைத்தானே குறி வைத்தேன்? அவள் எப்படி நடுவில் வந்து நின்றாள்? நீ இருந்திருந்தால் அங்கேயே, அந்த நிமிஷமே, முந்தானையால் அதைத் துடைத்திருப்பாய். நான் நீ இல்லை அக்கா. நான் அவனை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஐயரிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் நேற்று காஜா பாயிடம் விசாரித்தேன். ஒரு வரியை அழித்து நீலம் தொட்டு வைக்க ஐந்நூறு ரூபாய் ஆகுமாம். வருகிற சனிக்கிழமை வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போகிறேன். எஸ்தருக்காக அழிப்பேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இன்னொரு வாக்கும் உண்டு. அந்த ஐந்நூறையும் அவனிடம்தான் வாங்குவேன்.

உன் பெயரை ஓட்டிக்கொண்டு திரியும்,
உன் கூடப் பிறந்தவள்,
ஜெபா