ஒரே தகடு, இரண்டு குணம்

டுசல்டோர்ஃப், 9.9.1986

அன்புள்ள தம்பி வாசுதேவனுக்கு,

சுகமா? ஹனோவர் ரயிலில் சந்தித்தபோது, பல்கலைக்கழகத்தில் உருக்குத் தகடு சோதிப்பதாகச் சொன்னீர். அதனால் கேட்கிறேன்.

எங்கள் பட்டறையில் சதுரத் தகடுகளை மெஷினில் மடித்து அலுமாரித் தாங்கி செய்கிறோம். மூன்று கிழமையாகப் பத்துத் தகட்டில் நாலு, மடிக்கும்போதே வெடிக்கின்றன. ஒரே கட்டுத் தகடு, ஒரே மெஷின். ஏனென்று விளங்கவில்லை. எங்களை மேய்க்கும் போர்மன் என்னைத்தான் பிழை சொல்கிறார். என் வேலை அனுமதி இந்தப் பட்டறைக்கு மட்டும்தான்.

மனைவி லூர்தம்மாவும், "இஞ்சையப்பா, கண்ணை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்கிறாள். காட்டினேன். கண்ணில் குறையில்லையாம்.

வெடித்த துண்டு ஒன்றும், வெடிக்காதது ஒன்றும் இத்துடன்.

அன்புடன்,
ஜேசுரட்ணம்

*

ஹனோவர், 14.9.1986

அன்புள்ள ஜேசு அண்ணை,

லூர்தம்மா அக்காவிடம் சொல்லுங்கள், தவறு உங்கள் கையில் இல்லை.

ஆலையில் உருக்கை இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தித்தான் தகடாக்குகிறார்கள். உள்ளே இருக்கும் கசடும் அதோடு நூல்போல நீண்டுவிடுகிறது. அந்த நூலுக்குக் குறுக்கே மடித்தால் தகடு தாங்கும். நூலோடு ஒட்டி மடித்தால் பிளக்கும். சதுரத் தகடானதால் எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று தெரியாமல் போயிருக்கும். நல்ல தகட்டில் இந்த வித்தியாசம் குறைவு. உங்களுடையதில் அதிகம்.

வெளிச்சத்தில் சாய்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றுக்குக் குறுக்கே மடித்துப் பாருங்கள். தகட்டுக் கட்டின்மேல் ஒட்டிய சீட்டின் எண்ணையும் எழுதுங்கள்.

தங்கள்,
வாசுதேவன்

*

டுசல்டோர்ஃப், 20.9.1986

அன்புள்ள தம்பி,

நீர் சொன்னபடி முப்பது மடித்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை!

ஓடிப்போய்ப் போர்மனிடம் காட்டினேன். அவர் தகட்டோடு வந்த சோதனைத் தாளை நீட்டினார். 'இரு திசையிலும் சோதிக்கப்பட்டது, குறையில்லை' என்று அதில் இருக்கிறது. தகடு சரியென்றால், இதுவரை உடைந்ததெல்லாம் என் பிழைதானாம். கண்முன்னால் கண்டதை நம்புவதா, தாளை நம்புவதா? எனக்கே குழப்பமாக இருக்கிறது.

கட்டு எண் 4417. வருகிற 29ஆம் தேதி முதலாளியை நேரில் சந்திக்க டெர்மின் வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு வரி எழுதித் தாரும்.

ஜேசுரட்ணம்

*

ஹனோவர், 6.10.1986

அண்ணை,

4417ஐச் சோதித்தவன் நான்.

நீளவாக்கில் வெட்டிய துண்டுகள் நன்றாக மடிந்தன. குறுக்கே வெட்டினால் மடிப்பு நூலோடு ஒட்டி விழும்; அப்படி வெட்டிய ஆறில் இரண்டு வெடித்தன, நான்கு வெடிக்கவில்லை. எதை நம்புவதென்று தெரியவில்லை. திரும்பச் செய்ய நேரமும் இல்லை. வெடித்த இரண்டையும் விட்டுவிட்டு, போர்மன் காட்டிய அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி விடுதிக்கு நீங்கள் போன் செய்தபோது எடுத்தது நான்தான். "வாசுதேவன் இல்லை" என்று ஜெர்மனில் சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். உங்கள் முதலாளிக்கு அவரே எழுதுகிறார். என் ஸ்காலர்ஷிப் என்னவாகும் என்று தெரியாது. உங்கள் வேலை என்னவாயிற்று என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

வாசுதேவன்

*

டுசல்டோர்ஃப், 15.10.1986

தம்பி வாசுதேவனுக்கு,

29ஆம் தேதியே என்னை நிறுத்திவிட்டார்கள். நேற்றுத் திரும்பக் கூப்பிட்டார்கள். போர்மன் கை கொடுத்தார்.

போனில் பேசியது நீர்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். நம்பர் பிழைத்துவிட்டது என்று லூர்தம்மாவிடம் பொய் சொன்னேன். உமக்காக ஏன் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை.

இன்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "பாவம், பயந்திட்டான். டிசம்பரிலை நத்தார்ப் பெருநாளுக்கு வரச் சொல்லி எழுதுங்கோ" என்றாள். "ஓம்" என்றேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன், அந்த வரி மட்டும் வருகுதில்லை.

அவள் கேட்டதாக எடுத்துக்கொள்ளும்.

ஜேசுரட்ணம்